வன்னிக்குப் போகும் வண்டியில் ஜெனரேட்டரும் பெற்றோலும்



வைகாசி பிறந்துவிட்டால் நமது லயங்களில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "இந்த வருசம் வற்றாப்பளைக்குப் போறமா இல்லையா?" என்பதுதான் அந்தப் பேச்சு. முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடல் ஓரமாக இருக்கும் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசி விசாகப் பொங்கலுக்கு எங்கிருந்தெல்லாமோ சனம் வந்து சேரும். நமக்கு அங்கே கோயில் மட்டும் இல்லை, சொந்தபந்தமும் இருக்கிறது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போய் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வன்னி மண்ணில் வாழ்கிறார்கள். அதனால் அம்மனைக் கும்பிட்டது போலவும் ஆச்சு, சொந்தக்காரரைப் பார்த்தது போலவும் ஆச்சு என்று பஸ் பிடித்து, லொறி பிடித்துக் கிளம்புகிறோம்.

அப்படிக் கிளம்பும்போது அரிசி, பருப்பு, அண்டா, படங்கு என்று எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். இப்போது கூடவே ஒரு ஜெனரேட்டரும் ஏறிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கேன் பெற்றோலும் ஏறுகிறது. இந்த இரண்டையும் எப்படிக் கொண்டுபோவது, எப்படிக் கொண்டுபோகவே கூடாது என்பதைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். படித்துத் தெரிந்துகொண்டதைவிட, நானே செய்த ஒரு பிழையினால் தெரிந்துகொண்டதுதான் இதில் அதிகம்.

அந்த ராத்திரி நடந்தது

சில வருடங்களுக்கு முந்தி ஒரு தோட்டத்து ஆட்களோடு நானும் போயிருந்தேன். ஒரு பஸ்ஸும், சாமான் ஏற்ற ஒரு லொறியும். கோயிலுக்குக் கிட்ட ஒரு வெளியில் வண்டிகளை நிறுத்தினோம். பஸ்ஸில் இடம் பற்றாததால் மூன்று குடும்பங்கள் லொறியிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். அந்தக் காலத்தில் வன்னியில் சோளகக் காற்று வீசும், புழுதி கண்ணை மறைக்கும். அதனால் லொறியின் படங்கை நாலு பக்கமும் இறக்கிக் கட்டினார்கள்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தது. இரவில் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். "ஐயா, இத எங்க வைக்கிறது?" என்று ஒரு தம்பி என்னைக் கேட்டார். "லொறிப் பின்கதவுப் பக்கமா வைங்க, கண்ணுக்கு முன்னாலயே இருக்கும்" என்று சொன்னவன் நான்தான். பிள்ளைகளுக்குக் காற்றாடி சுற்ற வேண்டும், போன் சார்ஜ் ஏற வேண்டும் என்று மெசினை ஓடவிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

நடுச்சாமம் தாண்டி ஒரு அம்மாயி வெளியே போக எழும்பியிருக்கிறார். தலை கிறுகிறு என்று சுற்றி, கால் தள்ளாடி, லொறியிலிருந்து இறங்கும்போதே விழுந்துவிட்டார். வெளிக்காற்றுப் பட்டதும் கொஞ்சம் தெளிந்து, உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டிருக்கிறார். மகளிடம் பதில் இல்லை. அம்மாயி போட்ட சத்தத்தில்தான் நாங்கள் ஓடிப்போனோம். படங்கை அறுத்து எறிந்து எல்லாரையும் வெளியே இழுத்தோம். பெரியவர்கள் தலையிடி, சத்தி என்று தவித்தார்கள். இரண்டு பிள்ளைகள் கன்னத்தில் தட்டியும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் கொடுத்து, மறுநாள் மத்தியானம்தான் அந்தப் பிள்ளைகள் அம்மாவை அடையாளம் கண்டார்கள். எல்லாரும் உயிரோடு வீடு திரும்பினோம். அம்மாயி எழும்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து யாத்திரை போகிற எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். மனுசர் மூச்சு விடுற இடத்துக்குள்ள ஓடுற மெசினும் இருக்கக் கூடாது, பெற்றோலும் இருக்கக் கூடாது. கீழே வரும் எல்லாமே இந்த ஒரு பேச்சின் விளக்கம்தான்.

கண்ணுக்குத் தெரியாத விசம்

பெற்றோல் மெசின் ஓடும்போது வரும் புகையில் காபன் மொனொக்சைட்டு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணும் எரியாது. "புகை நாத்தம் வரலியே" என்று நாம் நினைப்பதில் பிரயோசனம் இல்லை.

நம் இரத்தம் ஒட்சிசனைச் சுமந்துகொண்டு போய் மூளைக்கும் நெஞ்சுக்கும் கொடுக்கிறது. இந்த விசவாயு உள்ளே போனால், ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தில் அது ஏறிக்கொள்கிறது. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்புக்கு உள்ளே மூச்சடைப்பு ஏற்பட்டுவிடுகிறது. முதலில் தலையிடி, பிறகு தலைசுற்று, சத்தி, கைகால் சோர்வு. தூங்குகிறவருக்கு இது ஒன்றும் தெரியாது. தூக்கம் அப்படியே மயக்கமாக மாறிவிடும். பிரயாணக் களைப்பு, பஸ் சத்தி, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் தப்பாக நினைத்துக்கொள்வதும் இதனால்தான். ஒரே இடத்தில் படுத்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

ஆகவே லொறிக்குள், பஸ்ஸுக்குள், மடத்து மண்டபத்துக்குள், லயத்து இஸ்தோப்பில், படங்குக் கூடாரத்துக்குள் மெசினை ஓட்டவே கூடாது. சன்னல் திறந்திருந்தாலும் கூடாது. ஆட்கள் படுக்கிற இடத்திலிருந்து ஆகக் குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், புகை போகிற வாய் ஆட்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும்படி வையுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, ஆட்களைத் தாண்டிப் போகிற பக்கத்தில் மெசின் இருக்கட்டும். களவு போகும் என்று பயம் இருந்தால் ஒரு மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், இளவட்டங்கள் முறை வைத்துக் காவல் இருக்கட்டும். படுக்கப் போகும்போது மெசினை நிறுத்திவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

பெற்றோல் ஆவி எங்கே போகிறது?

மண்ணெண்ணெய் நமக்குப் பழகின எண்ணெய். அது சாதாரண குளிரில் தீக்குச்சியைக் காட்டியவுடன் பற்றாது. குறைந்தது 38 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். திரி இருந்தால்தான் விளக்கு எரிகிறது. இந்தப் பழக்கத்தில் பெற்றோலையும் நாம் அப்படியே நினைத்துவிடுகிறோம். பெற்றோல் வேறு சாதி. பனிக்கட்டியைவிடக் குளிரான இடத்திலும், பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும், அது தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். எரிவது அந்த ஆவிதான்.

அந்த ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு பாரம். மேலே போய்க் கலையாது. தண்ணீர் மாதிரி தரையோடு தரையாக ஓடி, பள்ளத்தில் தங்கும். பஸ்ஸுக்குள் கேன் கசிந்தால் ஆவி சீட்டுக்குக் கீழே நிற்கும். பாய் விரித்துக் கீழே படுத்திருக்கும் பிள்ளையின் மூக்குத்தான் அதற்குக் கிட்ட இருக்கிறது. பெரியவர்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டு "வாசம் அவ்வளவா இல்ல" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு லீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 200 லீற்றர் ஆவி வரும். அதாவது ஒரு பெரிய தகரப் பீப்பாய் நிறைய. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இந்த ஆவி கலந்தாலே தீப்பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லீற்றர் கசிந்தால் போதும், ஒரு வானுக்குள் இருக்கும் காற்று முழுவதும் பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடலாம். பிறகு ஒரு பீடி, ஒரு லைட்டர், வயர் உரசும் ஒரு சின்னப் பொறி போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சிக்குப் போகிற வண்டியெல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்கும். இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போவோம். நல்ல வழக்கம், விடக் கூடாது. ஆனால் பெற்றோல் கேன் இருக்கிற வண்டியின் முன்னால் சூடம் கொளுத்தித் திருஷ்டி சுற்றாதீர்கள். வண்டிக்குள் ஊதுபத்தி ஏற்றாதீர்கள். தேங்காயையும் சூடத்தையும் கோயிலடியில் அதற்குரிய இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

மலையில் அடைத்த கேன் வன்னியில் என்ன செய்யும்?

இது நம் மலையகத்து ஆட்கள் விசேசமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம்.

நுவரெலியா பக்கம் விடியற்காலையில் குளிர் 12 பாகைக்கும் வரும். அந்த நேரத்தில் 20 லீற்றர் கேனை வாய் வரைக்கும் நிரப்பி மூடுகிறோம். மத்தியானம் வண்டி வவுனியா தாண்டும்போது வெயில் 34 பாகை. பெற்றோல் பத்துப் பாகை சூடு கூடினால் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் பெருக்கும். அப்படியென்றால் 20 லீற்றரில் 400 மில்லிலீற்றருக்கு மேல் பெருக்கம். வாய் வரைக்கும் நிரம்பிய கேனில் அதற்கு இடம் ஏது? மூடி வழியாகக் கசியும், இல்லையென்றால் கேன் வெடிப்பு விடும். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் சூடு 50 பாகையையும் தாண்டிவிடும். அங்கே நிலைமை இன்னும் மோசம்.

திரும்பி வரும்போது வேறு கதை. உயரம் கூடக் கூடக் காற்றின் அமுக்கம் குறையும். 6,000 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். முல்லைத்தீவில் பாதி பெற்றோலோடு இறுக்கி மூடிய கேன் மலை ஏற ஏற ஊதிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து மூடியை ஒரேயடியாகத் திறந்தால் 'புஸ்' என்று முகத்தில் அடிக்கும். பக்கத்தில் அடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊதிய கேனை வெளியில் கொண்டுபோய், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

கொண்டுதான் போக வேண்டுமா?

கிளிநொச்சியில் இருக்கும் ஒரு சொந்தக்காரப் பெரியவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். வன்னியில் 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தைப் பற்றிச் சொன்னார். "அந்த நாளையில பெற்றோல் தங்கம் மாதிரித் தம்பி. மோட்டச் சைக்கிள ஸ்ரார்ட் பண்ண நாலு சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெயில ஓட்டம். தண்ணி இறைக்கிற மெசினும் அப்படித்தான். அந்த நாலு சொட்டையும் சின்னப் போத்தலில அடைச்சு வீட்டுக்குள்ளதான் ஒளிச்சு வைச்சிருந்தம். பிழை எண்டு தெரியும், வேற வழி இல்லை" என்றார்.

நமக்கும் அப்படி ஒரு பயம் மனசில் தங்கிவிட்டது. 2022 ஆம் ஆண்டு நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பிறகு கியூ.ஆர். அட்டை காட்டி வாரத்துக்கு இவ்வளவு என்று வாங்கினோம். கிடைக்கும்போது கேனில் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போது பலருக்கும் வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையகத்தில் மண் சரிந்து, மின்சாரமும் நின்றபோது நம் ஆட்கள் ஜெனரேட்டரையும் தேட ஆரம்பித்தார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனாலும் யாத்திரைக்குப் போகும்போது யோசித்துப் பாருங்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எரிபொருள் நிரப்பு நிலையங்கள் இருக்கின்றன. எண்ணெய் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் நுவரெலியாவிலிருந்து ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு ஆட்களோடு நாள் முழுக்கப் பயணம் போவது எதற்கு? ஜெனரேட்டர் வெறும் வயிற்றோடு வரட்டும். போய்ச் சேரும் இடத்துக்குக் கிட்ட வாங்கி ஊற்றலாம். கேனுக்கு அடிப்பார்களா, என்ன மாதிரிக் கேன் வேண்டும் என்று அங்கே உள்ள சொந்தக்காரரிடம் போனில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்குப் பாருங்கள். ஒன்பது வோட் எல்.ஈ.டி. பல்ப் பத்து எரித்தால் மொத்தம் 90 வோட்தான். ஒரு கிலோவோட் அளவான சின்ன மெசினுக்கு இந்தப் பாரத்தில் மணிக்கு அரை லீற்றர் போதும். பின்னேரம் ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் இரண்டரை லீற்றர். இரண்டு இரவுக்கு ஐந்து லீற்றர். 20 லீற்றர் கேன் எதற்கு? வெறும் வெளிச்சத்துக்கு மட்டும் என்றால் சார்ஜ் பண்ணுகிற நல்ல விளக்கு மூன்று நாலு போதும், ஜெனரேட்டரே தேவைப்படாது.

ஜெனரேட்டரை ஏற்றும் முறை

1. பெற்றோல் டெப்பைப் பூட்டிவிட்டு, மெசினைத் திறந்த வெளியில் ஓடவிடுங்கள். காபரேட்டரில் இருக்கும் எண்ணெய் தீர்ந்து அதுவாக நிற்கும். டாங்கியில் மிச்சம் இருந்தால் வடித்துவிடுங்கள்.

2. முழுவதும் ஆறவிடுங்கள். சைலன்சர் சூடு படங்கையும் சாக்கையும் பற்றவைக்கும். ஒரு மணித்தியாலமாவது விட்டு ஏற்றுவது நல்லது.

3. டாங்கி மூடியில் காற்றுத் துவாரத்தைத் திறந்து மூடும் திருகு இருந்தால் அதை மூடுங்கள். பிளக்கின் தொப்பியைக் கழற்றி வைத்தால் பிள்ளைகள் கயிற்றை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

4. நிமிர்ந்தபடியே வையுங்கள். இடம் பற்றவில்லை என்று சரித்துப் படுக்க வைத்தால் என்ஜின் ஒயில் சிலிண்டருக்குள்ளும் காற்று வடிகட்டிக்குள்ளும் போய்விடும். அங்கே போய் மெசின் ஓடாது.

5. நாலு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் பக்கவாட்டிலும் அசையக் கூடாது. இரண்டு கிலோவோட் மெசின் ஒன்று 40 கிலோ அளவில் இருக்கும். ஒரு உர மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு. மலைப்பாதை வளைவிலும், மாடு குறுக்கே வந்து சடாரென்று பிரேக் அடிக்கும்போதும் அது சும்மா இருக்காது.

6. பஸ் கூரையில் ஏற்றாதீர்கள். மேல் பாரம் கூடினால் வளைவில் வண்டி சாய்கிறது. ஆட்கள் இருக்கும் பகுதிக்குள்ளும் வேண்டாம். சாமான் லொறியில் போகட்டும். லொறி இல்லையென்றால், சுத்தமாக வடித்து ஆறிய மெசினைப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் கட்டி, பெற்றோல் இல்லாமல் கொண்டுபோங்கள்.

பெற்றோலை ஏற்றும் முறை

பயணிகள் இருக்கும் பஸ்ஸிலும் வானிலும் ரயிலிலும் பெற்றோல் கேன் கொண்டுபோகவே கூடாது. இதில் "கொஞ்சந்தானே" என்ற பேச்சுக்கு இடம் இல்லை. சாமான் லொறியில் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள்.

1. பெற்றோலுக்கென்றே செய்த, திருகு மூடியும் வாசரும் உள்ள கேனை எடுங்கள். சோடாப் போத்தல், தண்ணீர்ப் போத்தல், தேங்காய் எண்ணெய்க் கேன் வேண்டாம். போத்தலில் இருப்பதைத் தண்ணீர் என்று பிள்ளை குடித்துவிடும். அப்படிக் குடித்தால் சத்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

2. குட்டையான, அடி அகன்ற கேன் நல்லது. நமது நாட்டு சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர, மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கு சரிந்து எரிகாயத்தோடு வந்தவர்களைப் பார்த்து மனம் நொந்து, ஒரு புது விளக்கைச் செய்தார். குட்டையாக, கனமாக, விழுந்தாலும் உருளாதபடி பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு அது இருந்தது. அதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்குக்குச் சொன்ன புத்தி கேனுக்கும் பொருந்தும். உருளக் கூடாது, கொட்டக் கூடாது.

3. கேனைத் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். வண்டித் தட்டில் வைத்தபடி நிரப்பினால் நிலைமின் பொறி தட்டலாம். பம்புக் குழாயின் வாய் கேனைத் தொட்டபடி இருக்கட்டும். நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

4. லொறியின் திறந்த தட்டில், காற்றோட்டமான, நிழலான இடத்தில், நிமிர்த்திக் கட்டுங்கள். ஜெனரேட்டர் ஒரு மூலை என்றால் கேன் மறு மூலை. காஸ் சிலிண்டர், அடுப்பு, பற்றரி, அரிசி மூட்டை இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். அந்தத் தட்டில் ஆட்கள் ஏறக் கூடாது, படுக்கவும் கூடாது.

5. வண்டி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் இறங்கிப் பார்க்க வேண்டும். மூடி ஈரமா, வாசம் வருதா, கட்டு தளர்ந்ததா என்று பார்த்தால் போதும்.

போன இடத்தில் ஓட்டும்போது

ஓடிக்கொண்டிருக்கும் மெசினில் பெற்றோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி, கால் மணித்தியாலமாவது ஆறவிட்டு, பகல் வெளிச்சத்தில் அல்லது டோர்ச் வெளிச்சத்தில் ஊற்றுங்கள். குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவது நெருப்பை நாமே கூப்பிடுவது. பொங்கல் அடுப்புக்கும் பெற்றோலுக்கும் இடையில் நல்ல தூரம் இருக்கட்டும். மிஞ்சிய பெற்றோலை மண்ணெண்ணெயோடு கலந்து அடுப்புக்கோ விளக்குக்கோ ஊற்றவே கூடாது. அந்த விளக்கு வெடிக்கும். பெற்றோல் வந்த கேனில் பிறகு மண்ணெண்ணெய் வாங்குவதும் அதே ஆபத்துத்தான்.

ஆபத்து நேர்ந்தால்

புகை மயக்கம் என்றால் முதலில் ஆட்களைத் திறந்த வெளிக்கு இழுங்கள், மெசினை நிறுத்துங்கள். உள்ளே போகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் படங்கையோ கதவையோ திறக்க வேண்டும். "தூங்கட்டும், தெளிஞ்சிரும்" என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு நின்றிருந்தால் முதலுதவி தெரிந்தவர் உடனே செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டும். 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் "ஜெனரேட்டர் புகை" என்று சொல்லுங்கள், அப்போதுதான் ஒட்சிசன் சீக்கிரம் கிடைக்கும்.

வண்டியில் தீ என்றால் நிறுத்தி, ஆட்களை இறக்கி, காற்று வரும் பக்கமாக நூறு அடிக்கு மேல் தள்ளிப் போங்கள். சாமானுக்காகத் திரும்பி ஏறாதீர்கள். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் பெற்றோல் மிதந்து தீ பரவும். சின்னத் தீ என்றால் மணல், அல்லது உலர் தூள் தீயணைப்பான் போதும். அப்படி ஒரு தீயணைப்பான் வண்டியில் இருக்கிறதா என்று வாடகை பேசும்போதே கேளுங்கள். எரிகாயத்துக்கு 20 நிமிடம் சாதாரண ஓடும் தண்ணீர் விடுங்கள். பற்பசை, நெய், மை எதுவும் பூச வேண்டாம்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

யாத்திரைக்குக் காசு சேர்க்க ஒருவர், சமையலுக்கு ஒருவர் என்று பொறுப்புப் பிரிக்கிறோம். அதுபோல ஜெனரேட்டருக்கும் பெற்றோலுக்கும் ஒருவரைப் போடுங்கள். பீடி, சிகரெட், மது பாவிக்காத, நிதானமான ஆளாக இருக்கட்டும். ஏற்றும்போதும், ஓட்டும்போதும், படுக்கும் முன்பும் அவர் சொல்வதுதான் சட்டம். தலைவர் சொன்னாலும், நலன்புரி ஐயா சொன்னாலும், பிழை என்றால் "இல்லைங்க, அங்க வைக்கக் கூடாது" என்று அவர் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி என்னிடம் அப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், இரண்டு பிள்ளைகள் ஒட்சிசன் குழாயோடு படுத்திருக்க வேண்டி வந்திருக்காது.

வற்றாப்பளை அம்மன் சந்நிதியில் கடல் நீரில் விளக்கெரிகிறது என்று பக்தியோடு போகிறோம். அந்த விளக்கைப் பார்த்துவிட்டு, போன எல்லாரும் அப்படியே லயத்துக்குத் திரும்பி வர வேண்டும். இந்த மாதம் மடுவத்தில் கூட்டம் நடக்கும்போது இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாயிமாருக்கும் அப்பாயிமாருக்கும் பிள்ளைகள் சொல்லிக் கொடுங்கள். பயணம் நல்லபடியாக அமையட்டும்.